‘மைல்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் பொருளும் பிறப்பும்: நீங்களே தேடிக் கண்டடையும் வழி

ஒரு மருத்துவக் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். ‘மைல்ட்’ என்ற சொல் ஒரே பக்கத்தில் மூன்று முறை வந்தது. மூன்று இடத்திலும் ‘மென்மையான’ என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். சரிபார்த்தவர் அந்தப் பக்கத்தை மட்டும் திருப்பி அனுப்பினார். தலையில் அடிபட்டவருக்கு ‘மென்மையான மூளைக்காயம்’ என்று யாராவது சொல்வார்களா என்று ஓரத்தில் எழுதியிருந்தார். அவர் கேட்டது நியாயம்.

அந்தச் சொல்லை ஒருமுறை அடிவரை பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன். மூன்று வாரம் பிடித்தது. அதில் இரண்டு வாரம் வீண், ஏனென்றால் வேரிலிருந்து தொடங்கினேன். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் வேரில்தான் தொடங்குகிறார்கள். வேரைக் கடைசியில் பாருங்கள். முதலில் இன்றைய பொருள், பிறகு ஆண்டுகள், அதன் பிறகு பழைய வரிகள், உறவு மொழிகள், கடைசியாக வேர். இந்த வரிசையில் போனால் ஒரு சொல்லுக்கு நான்கைந்து மணி நேரம் போதும். நான் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம் என்பதால் படிப்படியாக எழுதுகிறேன்.

1. தேடும் முன் கையில் வேண்டியவை

ஒரு நோட்டுப் புத்தகம், அல்லது கணினியில் ஓர் அட்டவணை. ஐந்து பத்திகள் போடுங்கள்: சொல்லின் வடிவம், ஆண்டு, பொருள், அது வரும் வரி, அதை எங்கே எந்தத் தேதியில் பார்த்தீர்கள். கடைசிப் பத்தியைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள். இணைய அகராதிகள் பதிவுகளைத் திருத்திக்கொண்டே இருக்கின்றன. ஆறு மாதம் கழித்துப் போனால் அதே பக்கம் வேறு ஆண்டைக் காட்டலாம்.

அகராதிகளில் இவை போதும். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி. 1100 முதல் 1500 வரையுள்ள ஆங்கிலத்துக்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் இடைக்கால ஆங்கில அகராதி. அதற்கும் முந்தைய ஆங்கிலத்துக்கு பாஸ்வொர்த்தும் டாலரும் தொகுத்த ஆங்கிலோ சாக்ஸன் அகராதி. தமிழ்ப் பக்கத்துக்கு சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன், பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி. வடமொழிக்கு மோனியர் வில்லியம்ஸ். தமிழ் அகராதிகள் எதற்கு என்று தோன்றலாம். ஆறாம் படியில் அவைதான் உங்களைக் காப்பாற்றும்.

2. செலவு

ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் முழுப் பதிவுகளுக்குச் சந்தா உண்டு. மற்ற ஐந்தும் இணையத்தில் இலவசம். சந்தா கட்டும் முன் உங்கள் பொது நூலகத்திலோ கல்லூரி நூலகத்திலோ ஒருமுறை கேளுங்கள். பல நூலகங்கள் உறுப்பினர் அட்டை எண்ணை வைத்து வீட்டிலிருந்தே அதைத் திறக்க வழி தருகின்றன. நான் கேட்காமல் கட்டினேன். கட்டிய மறுவாரம்தான் என் நூலக அட்டைக்கே அந்த வசதி இருந்தது தெரிந்தது. அதோடு, ஆண்டுச் சந்தா தானாகப் புதுப்பிக்கப்படுமா என்பதைக் கட்டும் அன்றே பார்த்துவிடுங்கள்.

வழியே இல்லையென்றால் ஆக்ஸ்ஃபோர்டின் முதல் பதிப்பு இருக்கிறது. 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. எல் முதல் என் வரையுள்ள ஆறாம் தொகுதி 1908இல் முடிந்தது. அதன் படிமங்கள் இணைய ஆவணக் காப்பகத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. ஆனால் ஒரு பொறி உண்டு. 2000ஆம் ஆண்டு மார்ச்சில் அகராதி இணையத்துக்கு வந்தபோது, திருத்தும் வேலையை ‘எம்’ எழுத்திலிருந்துதான் தொடங்கினார்கள். ஆகவே ‘மைல்ட்’ போன்ற சொற்களுக்குப் பழைய பதிப்பும் புதிய பதிப்பும் நிறையவே வேறுபடும். பழையதில் கிடைக்கும் எடுத்துக்காட்டு வரிகளை நம்பலாம். ‘இதுவே முதல் வழக்கு’ என்று அது சொல்வதை மட்டும் நம்பாதீர்கள்.

3. இன்றைய பொருள்களைப் பிரித்து எழுதுங்கள்

இந்தப் படிக்கு ஒரு மணி நேரம் முழுதாக ஒதுக்குங்கள். அவசரம் வேண்டாம்.

‘மைல்ட்’ மனிதரைப் பற்றி வந்தால் ஒன்று, வானிலையைப் பற்றி வந்தால் வேறு, தண்டனை, சுவை, நோய், இரும்பு என்று ஒவ்வொன்றோடும் வேறு. ஒவ்வொரு பொருளுக்கும் உண்மையான வாக்கியம் ஒன்றை எழுதி, பக்கத்தில் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘இது எதற்கு எதிர்ச்சொல்?’ அந்த எதிர்ச்சொல்தான் பொருளைக் காட்டிக்கொடுக்கும். மைல்ட் மனிதருக்கு எதிர் கடுகடுப்பவர். மைல்ட் குளிர்காலத்துக்கு எதிர் உறைய வைக்கும் குளிர்காலம். அங்கே ‘மைல்ட்’ என்றால் எதிர்பார்த்ததைவிட வெதுவெதுப்பு. மைல்ட் கோடைக்காலத்தில் அதே சொல் எதிர்பார்த்ததைவிடக் குளிர்ச்சியாகிவிடுகிறது. அகராதியை மட்டும் பார்த்தால் இது பிடிபடாது.

‘மைல்ட் ஸ்டீல்’ என்பது கரிமம் குறைந்த எஃகு. அதிகபட்சம் 0.25 சதவீதத்தை ஒட்டியே கரிமம் இருக்கும். எளிதில் வளையும், பற்றவைக்க வரும். எதிர்ச்சொல் கடின எஃகு. வலுவில்லாத இரும்பு என்று எழுதிவிட்டால் தவறு. கட்டடங்களைத் தாங்குவதே அதுதான். பழைய ஆங்கில நூல்களில் ‘மைல்ட்’ பீர் வந்தால் இன்னும் கவனம் வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் அதற்கு எதிர்ச்சொல், நாள்பட வைத்துப் புளிப்பேறிய பீர். ஆக ‘மைல்ட்’ என்பது புதிதாக வடித்தது என்றுதான் பொருள்பட்டது. போதை குறைந்தது என்ற பொருள் பின்னால் வந்து ஏறிக்கொண்டது.

இனி மருத்துவம். நான் விழுந்த இடம் என்பதால் சற்று நின்று சொல்கிறேன். மருத்துவ ஆவணத்தில் ‘மைல்ட்’ என்பது பெரும்பாலும் வருணனை அல்ல, அளவுகோலில் ஒரு படி. தலைக்காயத்தில் நினைவுத் தெளிவை அளக்கும் கிளாஸ்கோ கோமா அளவுகோல் 3 முதல் 15 வரை போகிறது. 13 முதல் 15 வரை வந்தால் ‘மைல்ட்’. அப்படிக் குறிக்கப்பட்டவருக்குத் தலைவலியும் மறதியும் வாரக்கணக்கில் நீடிக்கக்கூடும். இரத்தசோகையிலும் இப்படித்தான். கர்ப்பமில்லாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 11.0 முதல் 11.9 கிராம் வரை இருந்தால் ‘மைல்ட்’ என்று உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட வரையறை சொல்கிறது. அதே ஆவணத்தின் அடிக்குறிப்பு, இந்த இடத்தில் ‘மைல்ட்’ பொருந்தாப் பெயர் என்றும், சோகை கண்டறியப்படும்போதே இரும்புச்சத்துக் குறைபாடு முற்றியிருக்கும் என்றும் எச்சரிக்கிறது. வரையறுத்தவர்களே எச்சரிக்கும் சொல்லை நாம் ‘மென்மையான’ என்று தடவிக்கொடுத்து எழுதினால், படிக்கிறவர் மாத்திரையை நிறுத்திவிடுவார். அந்தப் பயம் எனக்கு இன்றும் இருக்கிறது.

4. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் ஆண்டு தேடுங்கள்

இப்போது அகராதிகளைத் திறங்கள். ஒவ்வொரு பொருளும் எழுத்தில் முதலில் எப்போது தென்படுகிறது என்று குறியுங்கள். நீங்கள் காணப்போவது ஏறத்தாழ இது: பழைய ஆங்கிலத்தில், அதாவது 1100க்கு முன், ‘மில்தெ’ என்ற வடிவில் மனிதருக்கும் இறைவனுக்கும் மட்டுமே உரிய சொல்லாக இருக்கிறது. பொருள்: இரக்கமுள்ள, அருள்கின்ற. 1400ஐ ஒட்டி வானிலைக்கு வருகிறது. 16ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சட்டம், தண்டனை ஆகியவற்றுக்கு. 18ஆம் நூற்றாண்டில் நோய்க்கு. எஃகுக்கு 19ஆம் நூற்றாண்டில்.

இந்த வரிசையை எழுதிப் பார்த்தபோதுதான் எனக்குத் தெளிந்தது. தொட்டால் மெத்தென்று இருக்கும் பொருளிலிருந்து மனிதக் குணத்துக்கு ஏறி வந்த சொல் என்று நினைத்திருந்தேன். ஆங்கிலத்துக்குள் நடந்தது நேர்மாறு. வலிமை உள்ளவரின் கருணையில் தொடங்கி, பிறகு வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் இரும்புக்கும் இறங்கி வந்திருக்கிறது.

இங்கே உள்ள பொறி: அகராதியில் உள்ள முதல் ஆண்டு, அந்தப் பொருள் பிறந்த ஆண்டு அல்ல. அழியாமல் நம் கைக்கு வந்த எழுத்தில் அது முதலில் தென்படும் ஆண்டு. ‘1400இல் தோன்றியது’ என்று எழுதாதீர்கள். ‘1400ஐ ஒட்டி எழுத்தில் காணப்படுகிறது’ என்று எழுதுங்கள்.

5. பழைய வரிகளையும் உறவு மொழிகளையும் பாருங்கள்

ஒரு பழைய வரியையாவது முழுதாகப் படியுங்கள். ‘மைல்ட்’ சொல்லுக்கு நான் பரிந்துரைப்பது பழைய ஆங்கிலக் காப்பியமான பியோவுல்ஃபின் முடிவு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஒரே கையெழுத்துப் பிரதியில் தப்பிய பாட்டு அது, 3182 வரிகள். கடைசி மூன்று வரிகளில் மக்கள் இறந்த அரசனைப் புகழ்கிறார்கள். உலகத்து அரசர்களுள் அவனே ‘மில்துஸ்ட்’ என்கிறார்கள். அதாவது ‘மைல்ட்’ என்பதன் உச்சநிலை வடிவம். அரக்கனின் கையைப் பிய்த்தெறிந்தவனும் நெருப்பு கக்கும் நாகத்தோடு பொருது மாண்டவனும் அவன்தான். அவனை ‘மிக மென்மையானவன்’ என்று தமிழில் எழுதினால் எப்படி இருக்கும்?

நம்மிடம் அதற்கென்றே சொல் இருக்கிறது: தண்ணளி. குடிமக்கள்மேல் அரசன் காட்டும் குளிர்ந்த அருள். ‘அளி’ என்ற சிறு சொல்லில் இரக்கமும் கொடையும் சேர்ந்தே இருக்கின்றன. பழைய ‘மில்தெ’யிலும் அந்த இரண்டும் சேர்ந்தே இருந்தன என்பதற்கு ஜெர்மன் மொழி சாட்சி சொல்கிறது. இடைக்கால ஜெர்மனில் ‘மில்தெ’ என்பது தலைவனின் வள்ளன்மை. பாணர்கள் அதை வைத்துத்தான் புரவலர்களை அளந்தார்கள். இன்றைய ஜெர்மனிலும் ஏழைக்குக் கொடுக்கும் பிச்சைக்கு ‘மில்தெ காபெ’ என்று பெயர். காபெ என்றால் கொடை. உறவு மொழிகளைப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். ஒரு மொழி தொலைத்த பொருளை இன்னொன்று பத்திரமாக வைத்திருக்கும்.

அதே பியோவுல்ஃப் வரிகளில் ‘லித்’ என்ற சொல்லும் உச்சநிலை வடிவில் வருகிறது. அதுவும் கனிவைக் குறித்ததுதான். இன்றைய ஆங்கிலத்தில் ‘லைத்’ ஆகி, உடல் வளைந்து கொடுப்பதை மட்டும் குறிக்கிறது. ‘மில்ட்ரெட்’ என்ற பெண்பெயரின் முதற்பாதியும் நம் சொல்தான். பிற்பாதிக்கு வலிமை என்று பொருள். எட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் ஒரு கன்னிமாடத்தின் தலைவிக்கு அந்தப் பெயர் இருந்தது. கனிவும் வலிமையும் ஒரே பெயரில் இருப்பது அவர்களுக்கு முரணாகத் தோன்றவில்லை.

6. இப்போது வேர்: தமிழர்கள் விழும் குழி இங்கேதான்

வேர்ப் பகுதியில் சொல்லின் முன் நட்சத்திரக் குறி இருந்தால், அந்த வடிவம் எந்த ஏட்டிலும் கண்டதல்ல, ஒப்பிட்டு மீட்டமைத்தது என்று பொருள். ‘மைல்ட்’ சொல்லுக்கு இந்தோ ஐரோப்பிய வேராகக் காட்டப்படுவது நட்சத்திரமிட்ட ‘மெல்’. பொருள்: மென்மை.

இதைப் பார்த்ததும் உங்களுக்கு என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும். நம் ‘மெல்’! மெல்ல, மெல்லிய, மென்மை! எனக்கும் அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஒரு கட்டுரையே எழுதி நண்பர்களுக்கு அனுப்பிவிட்டேன். அது தவறு. எழுதியதைத் திரும்பப் பெறுவதற்குள் பட்ட சங்கடம் எனக்கு ஒரு வாரம் இருந்தது.

ஒலியும் பொருளும் ஒத்துப்போவது மட்டும் உறவுக்குச் சான்று ஆகாது. இரண்டு மொழிகளின் பல சொற்களில் ஒரே ஒலிமாற்றம் ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வர வேண்டும். நம் ‘மெல்’ திராவிட வேர்ச்சொல் அகராதியில் இருக்கிறது; மலையாளத்தின் ‘மெல்ல’, தெலுங்கின் ‘மெல்லகா’ ஆகியவற்றோடு தன் குடும்பத்துக்குள்ளேயே உறவாடுகிறது. இந்தோ ஐரோப்பியத்தோடு அதை இணைக்கும் ஒழுங்கான ஒலிமாற்றம் எதுவும் நிறுவப்படவில்லை. சிறிய ஒலித்தொகுப்பை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான சொற்களைக் கட்டும்போது, இரண்டு குடும்பங்களில் சில சொற்கள் தற்செயலாக ஒத்துப்போகத்தான் செய்யும்.

ஆனால் நம் நாக்கில் ‘மைல்ட்’ சொல்லுக்கு உண்மையான உறவு ஒன்று உண்டு: மிருது. வடமொழியின் ‘ம்ருது’ அந்த மெல் வேரிலிருந்தே வருகிறது. பழைய லகரம் வடமொழியில் ரகரச் சாயல் கொண்டது. வெளித்தோற்றத்தில் ஒத்த ‘மெல்’ அந்நியம், தோற்றத்தில் ஒவ்வாத ‘மிருது’ உறவு. சோதிக்க எளிய வழி இதுதான்: சொல்லைத் திராவிட வேர்ச்சொல் அகராதியிலும் மோனியர் வில்லியம்ஸிலும் தேடுங்கள். மெல் முன்னதில் கிடைக்கும். மிருது பின்னதில் கிடைக்கும். ஐந்து நிமிட வேலை, நான் செய்யாமல் விட்டது.

இன்னும் நுணுக்கம் வேண்டுமானால் கடைசி ஒலியைக் கவனியுங்கள். நம் எழுத்து இதை மறைத்துவிடும். ‘மைல்ட்’ என்பதன் டகரம் ‘நாடு’ என்பதில் உள்ளது போல ஒலிக்கும். உருகுவதைக் குறிக்கும் ‘மெல்ட்’ என்பதன் டகரம் ‘பட்டு’ என்பதில் உள்ளது போல. வடமொழியின் ‘தந்த’, ஆங்கிலத்தில் ‘டூத்’. ‘தச’, அங்கே ‘டென்’. முன்னதில் மூச்சு சேராத தகரம் வந்தால் பின்னதில் பட்டின் டகரம் வருகிறது. மூச்சு சேர்ந்த தகரம் வரும் ‘விதவா’, அங்கே நாட்டின் டகரத்தோடு ‘விடோ’ ஆகிறது. ம்ருதுவில் இருப்பது மூச்சு சேராதது. ஆகவே அதன் நேர் உடன்பிறப்பு மெல்ட். மைல்ட், அதே வேரில் வேறு விகுதி ஏறிய ஒன்றுவிட்ட உறவு. இலத்தீனின் ‘மொல்லிஸ்’ மிருதுவின் பக்கம் நிற்கிறது. மெல்லுடலிகளுக்கு மொலஸ்க் என்ற பெயரும், தோலை மென்மையாக்கும் எமோலியன்ட் பூச்சுகளின் பெயரும் அங்கிருந்துதான்.

7. பொய் உறவுகளை வெட்டுங்கள்

செடிகளில் படியும் பூஞ்சைக்கு ‘மில்டியூ’ என்று பெயர். எழுத்துப்படி பார்த்தால் ‘மைல்ட்’ சொல் அப்படியே உள்ளே இருக்கிறது, கூடவே பனித்துளியைக் குறிக்கும் சொல்லின் ஒலியும் கேட்கிறது. பனி சரி. முதற்பாதி மட்டும் வேறு. அது தேனைக் குறித்த பழைய சொல். இலைமேல் பிசுபிசுவென்று படியும் தேன்பனிதான் முதலில் அந்தப் பெயரைப் பெற்றது. பழைய வடிவம் ‘மெலெதேஅவ்’ என்று இருப்பதை அகராதியில் பார்த்தாலே தெளியும். இன்றைய எழுத்துக்கூட்டலை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

8. தமிழில் எந்தச் சொல்லைப் போடுவது

எல்லா இடத்துக்கும் ஒரே சொல் தேடாதீர்கள். நான் இப்போது கையாள்வது இது. மனிதருக்கு ‘சாந்தமான’ அல்லது ‘கனிவான’. பழைய அரசனுக்கோ இறைவனுக்கோ ‘தண்ணளியுள்ள’, ‘அருளுடைய’. வானிலைக்கு ‘இதமான’. சுவைக்கு ‘காரம் குறைந்த’, ‘உறைக்காத’ என்று எதிர்ச்சொல்லை மறுத்து எழுதுவது. தண்டனைக்கு ‘கடுமை குறைந்த’. எஃகுக்கு ‘மென் எஃகு’ என்று எழுதி, முதல் இடத்தில் ‘மைல்ட் ஸ்டீல்’ என்பதையும் சேர்த்துவிடுவேன். பட்டறைக்காரர்கள் அப்படித்தான் கேட்டு வாங்குகிறார்கள். காய்ச்சல், இருமல் போன்றவற்றுக்கு ‘லேசான’. அளவுகோல் சார்ந்த மருத்துவத் தரத்துக்கு மட்டும் ‘லேசான’ போதாது. ‘குறைந்த தரநிலை’ என்று எழுதி, எண்ணையும் விடாமல் தருகிறேன்: கோமா அளவுகோலில் 13 முதல் 15 வரை, ஹீமோகுளோபின் 11.0 முதல் 11.9 வரை.

9. நேரக் கணக்கு

பொருள்களைப் பிரிக்க ஒரு மணி நேரம். ஆண்டுகளுக்கு ஒன்றரை மணி. பழைய வரிகளுக்கும் உறவு மொழிகளுக்கும் ஒரு மணி. வேருக்கு அரை மணி போதும், அதற்கு மேல் உட்காராதீர்கள். பிறகு ஒரு நாள் இடைவெளி விட்டு, அட்டவணையை மறுபடி படித்துவிட்டுத் தமிழ்ச் சொல்லைத் தேர்ந்தெடுங்கள். அதே இரவில் தேர்ந்தெடுத்த சொற்களை நான் மூன்று முறை மாற்ற வேண்டியிருந்தது.

அடுத்த சொல்லுக்குப் போகும்போது ‘ஜென்டில்’ எடுத்துக்கொள்ளுங்கள். குலத்தைக் குறிக்கும் இலத்தீன் ‘கென்ஸ்’ சொல்லிலிருந்து கிளம்பி, பழைய பிரெஞ்சில் ‘உயர்குடிப் பிறந்த’ என்று பொருள்பட்டு, 16ஆம் நூற்றாண்டில்தான் இன்றைய மென்மைக்கு வந்து சேர்ந்த சொல் அது. பழைய ஆங்கில நூலில் ‘ஜென்டில்’ வல்லூறு என்று வந்தால் சாதுவான பறவை என்று எழுதிவிடாதீர்கள். உயர்ந்த இனத்து வேட்டைப்பறவை அது.